நில எடுப்பு நோட்டீஸில் 'அவார்டு' என்றால் என்ன? நோபலுக்கு மட்டும் ஏன் 'ப்ரைஸ்'?

கேள்வி சுருக்கமாக இது. சாலை விரிவாக்கத்துக்காக ஒரு குடும்பத்தின் நிலத்தை எடுக்கிறார்கள். நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸில் 'அவார்டு பிறப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. கல்லூரியில் படிக்கும் பேத்தி அகராதியைப் புரட்டி 'விருது' என்று படித்துக் காட்ட, "நிலத்தையும் பிடுங்கிக்கொண்டு விருது வேறா?" என்று தாத்தா கொதித்திருக்கிறார். பேத்தி அதோடு விடவில்லை. அவார்டும் ப்ரைஸும் ஒன்றா, நோபலுக்கு ப்ரைஸ் என்றும் சாகித்ய அகாதெமிக்கு அவார்டு என்றும் எதை வைத்துச் சொல்கிறார்கள், தமிழில் எப்போது விருது, எப்போது பரிசு, சான்றிதழில் எப்படி எழுதுவது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

பேத்தியின் கேள்விகள் காத்திருக்கும். தாத்தாவின் கேள்விக்குக் காலக்கெடு இருக்கிறது. ஆகவே அவருக்கு முதலில்.

ஐயா, அந்தத் தாளில் உள்ள அவார்டு என்பது உங்கள் நிலத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று அதிகாரி விசாரணை நடத்தி எழுதிய உத்தரவு. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். புல எண், உட்பிரிவு எண், ஹெக்டேர் கணக்கில் பரப்பு, நன்செயா புன்செயா, கிணறு, மரம், கட்டடம், பங்குதாரர்கள் இருந்தால் யாருக்கு எவ்வளவு என்பது வரை அதில் இருக்கும். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி எடுத்திருந்தால் முதலில் சந்தை மதிப்பு வரும். கிராமத்து நிலமானால் அதை 1 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்குவார்கள். கடைசியில் வந்த தொகைக்குச் சமமாக, அதாவது நூறு சதவீதம், ஆறுதல் தொகை என்று சேர்ப்பார்கள். பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 30 சதவீதம்தான். இந்தப் புதிய சட்டத்தின்படி வரும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் சந்தை மதிப்பு. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இன்னொரு பக்கம். எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். விலை கூடிய பத்திரம் ஏதாவது அவர்கள் பட்டியலில் விடுபட்டிருக்கிறதா என்பது, பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இழப்பீடு கூடிய வழக்குகள் பலவற்றிலும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆட்சியர் போட்ட அவார்டு என்றதும் அது கல்லில் எழுதிய தீர்ப்பு என்று பலர் கையைக் கட்டிக்கொண்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. நில எடுப்பில் ஆட்சியர் போடும் அவார்டு, அரசின் சார்பில் உரிமையாளர் முன் வைக்கப்படும் ஒரு விலைதான் என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. நிலத்தைத் தர மாட்டேன் என்று இந்தக் கட்டத்தில் சொல்ல முடியாது. தொகை போதாது என்று சொல்லலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டமானால், அவார்டு போட்ட அன்று நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ அங்கே இருந்திருந்தால் அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம், அவார்டு தேதியிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்திருந்தால் வழி வேறு. நடுவரிடம் போக வேண்டும். மாநில நெடுஞ்சாலைக்கு, தொழிற்பேட்டைக்கு என்று தமிழ்நாட்டுச் சட்டங்களும் தனித்தனியாக இருக்கின்றன. எனவே நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இன்னொன்று: பணத்தை வாங்கும்போது 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தச் சொல் இல்லாமல் வாங்கிவிட்டால், தொகை போதாது என்று கேட்கும் உரிமை போய்விடும்.

இனி பேத்திக்கு.

அவார்டு என்ற சொல்லின் பிறந்த வீடு நீதிமன்றம், மேடையேறியது பின்னாளில். பழைய பிரெஞ்சில் 'எஸ்கார்தே' என்று ஒரு வினை. உற்றுப் பார்ப்பது, ஆராய்வது, பார்த்து முடிவு செய்வது என்று பொருள். நார்மன்கள் இங்கிலாந்தை ஆண்டபோது அங்கே நீதிமன்ற மொழி பிரெஞ்சு. அவர்கள் பேசிய வட்டார பிரெஞ்சில் ககரத்தின் இடத்தில் வகரம் இருந்தது; அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்தது அவார்டு. காவலைக் குறிக்கும் கார்டு, வார்டன், ரிவார்டு எல்லாம் இதே குடும்பம். எல்லாவற்றிலும் ஒரு கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அவார்டு என்றால் இரு தரப்பையும் விசாரித்த நடுவர் சொல்லும் முடிவு. அந்த முடிவு நமக்கு இனிக்கிறதா கசக்கிறதா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலை இல்லை.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் எழுத்தராகச் சேர்ந்தவன். எழுத்தர், காசாளர், கடைநிலை ஊழியர் எல்லோருக்கும் வங்கியில் இன்றும் பெயர் 'அவார்டு ஸ்டாஃப்'. ஊரில் ஒருமுறை அப்படிச் சொல்லப்போக, என்ன விருது, எந்த முதலமைச்சர் கையால் வாங்கியது என்று உறவினர் ஒருவர் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். விஷயம் இதுதான்: சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறுகள் தொழில் தீர்ப்பாயங்களுக்குப் போயின. தீர்ப்பாயம் சொல்லும் முடிவுக்குத் தொழிற்தகராறுச் சட்டத்தில் பெயர் அவார்டு. 1950இல் வந்த சென் அவார்டை, தீர்ப்பாயம் அமைந்த முறை சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே செல்லாததாக்கியது. 1953இல் சாஸ்திரி அவார்டு வந்தது. அதன் மேல்முறையீட்டில் வந்த முடிவை மத்திய அரசு மாற்றிக் குறைத்தபோது, அதை ஏற்காமல் தொழிலாளர் அமைச்சர் பதவியை 1954இல் விட்டு விலகியவர் வி.வி. கிரி, பிறகு குடியரசுத் தலைவரானவர். 1962இல் தேசாய் அவார்டு. 1966 முதல் தீர்ப்பாயத்தை நம்பாமல் சங்கங்களும் நிர்வாகங்களும் நேராகப் பேசி ஒப்பந்தம் போடத் தொடங்கின. எங்கள் சம்பளத்தை அவார்டு தீர்மானிப்பது நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோட்டார் வாகன விபத்து வழக்கிலும் இதே சொல்தான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவார்டு போடுகிறது. போட்ட தொகையைப் போக்குவரத்துக் கழகம் கட்டாமல் இழுத்தடித்தால் நீதிமன்ற ஊழியர் பஸ் நிலையத்துக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்வார். பயணிகள் பையோடு இறங்கி நிற்கும் படம் செய்தித்தாளில் வரும். மக்கள் நீதிமன்றத்தில் நிலைமை கொஞ்சம் விசித்திரம். அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் சமரசமாகி ஒப்புக்கொண்டதை எழுதினால் அதற்கும் அவார்டு என்று பெயர். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உள்ள வலு அதற்கு உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வது அதனால்தான்.

நாடுகளுக்கிடையிலும் உண்டு. 2012இல் கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அந்த வழக்கில் சர்வதேச நடுவர் மன்றம் 2020இல் போட்ட அவார்டு, சுட்டவர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்திய நீதிமன்றத்துக்கு இல்லை என்றும் இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றும் ஒரே மூச்சில் சொன்னது. இத்தாலி தந்த 10 கோடி ரூபாயில் இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று முடிந்தது. இந்தச் செய்தியை எழுதும்போது 'விருது' என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

வரலாற்றுப் புத்தகத்தில் உள்ள இரண்டு அவார்டுகளும் யாரும் மாலை போட்டுக் கொண்டாடியவை அல்ல. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்தது கம்யூனல் அவார்டு; தமிழில் வகுப்புவாரித் தீர்ப்பு என்கிறோம். ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி தந்தது அது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருக்க, செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது; இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். அடுத்தது 1947இல் ராட்கிளிஃப் அவார்டு. அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத ஒரு வழக்கறிஞர், ஜூலை 8ஆம் தேதி வந்து இறங்கி, ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு போட்டுப் பிரித்தார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17இல்தான் கோடு எங்கே என்று மக்களுக்குத் தெரிந்தது.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 பிப்ரவரி 5 முடிவை ஆங்கில நாளிதழ்கள் 'ஃபைனல் அவார்டு' என்றன. நம் நாளிதழ்கள் இறுதித் தீர்ப்பு என்றன. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பிறகு 2018இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது வேறு கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டம் நடுவர் மன்றத்தின் முடிவை அவார்டு என்று சொல்லவில்லை. அறிக்கை, முடிவு என்ற பொருளுள்ள சொற்களைத்தான் போட்டிருக்கிறது. அவார்டு என்பது பேச்சு வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் 'தீர்ப்பு' என்று எழுதிய உதவி ஆசிரியர்கள், ஆங்கில நிருபர்களைவிடச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தண்டனைக்கும் இந்தச் சொல் உண்டு. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில், ராணுவ நீதிமன்றம் 'அவார்டு' செய்யக்கூடிய தண்டனைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலாவது மரண தண்டனை. அரசு அலுவலகங்களிலும் ஊதிய உயர்வு நிறுத்தத்தை 'அவார்டு' செய்ததாகக் கோப்பில் எழுதுவார்கள். கால்பந்தில் பெனால்டி உதை, ஒப்பந்தப்புள்ளியில் வேலை உத்தரவு, பல்கலைக்கழகத்தில் பட்டம், விடைத்தாளில் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் அதே வினை. ஆராய்ந்து முடிவு செய்ய அதிகாரம் உள்ள ஒருவர், இது இன்னாருக்கு என்று சொல்கிறார். அவ்வளவுதான் அவார்டு.

அப்படியானால் விருது என்ற பொருள் எங்கிருந்து? தேர்வுக்குழுவும் ஒரு நடுவர் மன்றம்தானே. சாகித்ய அகாதெமியில் ஒவ்வொரு மொழிக்கும் கடைசிக் கட்டத்தில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள புத்தகங்களைப் பார்த்து, ஒன்றைச் சொல்கிறார்கள். அவர்கள் முடிவுக்கு முதலில் அவார்டு என்று பெயர். பிறகு அந்த முடிவால் கிடைக்கும் பட்டயத்துக்கும் காசோலைக்கும் அதே பெயர் பரவிவிட்டது.

ப்ரைஸ் அப்படியல்ல. அது முடிவைக் குறிக்காது. கையில் கிடைக்கும் பொருளைக் குறிக்கும். திருவிளையாடற் புராணத்துத் தருமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் சங்க மண்டபத்தில் கட்டித் தொங்கவிட்ட பொற்கிழி இருக்கிறதே, அது ப்ரைஸ். அது இந்தப் பாட்டுக்கு உரியதா இல்லையா என்று சங்கம் சொல்ல வேண்டியது அவார்டு. நக்கீரர் தடுத்தது அவார்டை. தருமி அழுதது ப்ரைஸுக்காக.

இந்த ப்ரைஸுக்குள் உண்மையில் இரண்டு சொற்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, லத்தீனில் விலை என்று பொருள்படும் 'பிரெட்டியம்' வழி வந்தது. விலையைக் குறிக்கும் ப்ரைஸும், புகழைக் குறிக்கும் ப்ரெய்ஸும் அதன் உடன்பிறப்புகள். இன்னொன்று, பிடிப்பதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. போரில் பிடித்த பொருள். பள்ளி ஆண்டு விழாவில் சோப்புப் பெட்டி வாங்கும் குழந்தைக்கு இந்த இரண்டாவது ப்ரைஸைப் பற்றித் தெரிய வேண்டாம். ஆனால் தென்னிந்தியாவுக்கு அது நன்கு அறிமுகமானது. 1799இல் வேலூரிலிருந்து புறப்பட்ட கம்பெனிப் படை மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. திப்பு சுல்தான் கோட்டையிலேயே போரிட்டு வீழ்ந்தார். அதன் பிறகு 'ப்ரைஸ் ஏஜென்ட்' என்ற அதிகாரிகள் அரண்மனையில் உட்கார்ந்து நகை, நாணயம், துணி, ஆயுதம் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, தளபதி முதல் சிப்பாய் வரை பதவிவாரியாகப் பங்கு போட்டார்கள். பொன் தகடு போர்த்திய அரியணையை முழுதாகப் பங்கிட முடியாதே, உடைத்தார்கள். அதன் அடியில் இருந்த பொன் புலித்தலை இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் மொழியில் இதற்குக் கொள்ளை என்று பெயர். அவர்கள் கணக்குப் புத்தகத்தில் அது 'ப்ரைஸ் மணி'.

கடலிலும் இதே கதை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், சில நாளில் பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பலைப் பிடித்துத் தன் துணைக்கு வைத்துக்கொண்டது. அப்படிப் பிடித்த கப்பலுக்குப் பெயர் ப்ரைஸ். அதை ஓட்ட ஏற்றிவிடும் ஆட்கள் 'ப்ரைஸ் குழு'. கெட்டிக்கார ஆசாமியை 'சரியான எம்டன்' என்று நம் பாட்டிகள் திட்டியது அந்தக் கப்பலை வைத்துத்தான். பிடித்த கப்பல் யாருக்குச் சேரும் என்று தீர்மானிக்கத் தனி நீதிமன்றங்களே உண்டு. இந்தியாவும் 1971இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது.

ஏலச்சீட்டு போடுகிறவர்கள் இன்னொரு ப்ரைஸைப் பார்த்திருப்பார்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு எடுத்தவரை 'ப்ரைஸ்டு சப்ஸ்கிரைபர்' என்றும், தள்ளு போகக் கையில் வரும் பணத்தை 'ப்ரைஸ் அமவுன்ட்' என்றும் எழுதியது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை அவசரத்துக்கு 25,000 தள்ளிக் கேட்டு 75,000 வாங்கி, மீதி மாதமெல்லாம் தவணை கட்டுகிறவருக்கு அது என்ன பரிசு? மற்றவர்களுக்குக் கசர், அதாவது தள்ளிய பணத்தில் பங்கு, கிடைக்கிறது என்பதைத் தவிர அங்கே மகிழ ஒன்றும் இல்லை. பரிசுச் சீட்டு, லாட்டரி என்று ஜனங்கள் குழம்பியதால்தானோ என்னவோ, 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது 'ப்ரைஸ் அமவுன்ட்' என்பதை எடுத்துவிட்டு, நிகரச் சீட்டுத் தொகை என்ற பொருள் வரும் சொல்லைப் போட்டார்கள். நல்ல காரியம்.

இப்போது நோபலுக்கு வருவோம். போட்டிக்குப் ப்ரைஸ், சேவைக்கு அவார்டு என்று ஒரு விதி சொல்லித்தருகிறார்கள். ஓட்டப் பந்தயம், கட்டுரைப் போட்டி, குலுக்கல் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் நோபலுக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. செய்த கண்டுபிடிப்பையோ படைப்பையோ பணியையோ பார்த்துத்தான் தருகிறார்கள். விதிப்படி அது அவார்டாக இருந்திருக்க வேண்டும். ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில், தன் சொத்தின் வட்டியை ஆண்டுதோறும் பரிசாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பணத்தைக் குறித்த ஸ்வீடிஷ் சொல் ஆங்கிலத்தில் ப்ரைஸ் ஆயிற்று, 1930இல் சி.வி. ராமனுக்கும் 1983இல் சந்திரசேகருக்கும் கிடைத்ததைத் தமிழில் 'பரிசு' என்றே சொல்கிறோம். புக்கரும் புலிட்சரும் ப்ரைஸ்தான், ஞானபீடமும் ஆஸ்கரும் அவார்டுதான். நிறுவியவர் வைத்த பெயர் எதுவோ அதுவே. இதில் தர்க்கம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும்.

தமிழைப் பொறுத்தவரை நம் வினைச்சொற்களே நிறையச் சொல்லிவிடுகின்றன. பரிசை வெல்லலாம், தட்டிச் செல்லலாம், அடிக்கலாம். லாட்டரியில் பரிசு விழும். 1968இல் அண்ணா அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். விருது விழாது. யாராவது வழங்க வேண்டும். விருதைத் 'தட்டிச் சென்றார்' என்று எழுதும் நிருபர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏதோ கடைத்தெருவில் பறித்துக்கொண்டு ஓடியதுபோல் இருக்கிறது.

பரிசுக்குப் பின்னால் சங்ககாலப் பரிசில் இருக்கிறது. அதியமானைத் தேடி மலைகள் பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாருக்கு அவன் நேரில் பார்க்காமலே பொருள் கொடுத்தனுப்பினான். அவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று புறநானூற்று 208ஆம் பாட்டில் பாடினார். என் அளவு அறிந்து தினையளவு கொடுத்தாலும் எனக்கு இனிது என்றார். பார்த்து, ஆராய்ந்து, பிறகு கொடு என்று கேட்கிற அந்தப் புலவர் கேட்டது, மேலே சொன்ன பொருளில், அவார்டு.

விருது என்பதன் பழைய பொருள் வேறு: கொடி, சின்னம், பட்டப்பெயர். விருதுக்கொடி பிடிப்பார்கள், விருதூதுவார்கள். விருதுநகருக்கே முன்னால் விருதுபட்டி என்று பெயர். ஆகவே விருது பெற்றவர் அதைப் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொள்ள ஆசைப்படுவது நம் ஊரில் இயல்பாகவே வருகிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, ராணுவம், கல்வி தவிர்த்த பட்டங்களை அரசு வழங்கக்கூடாது என்கிறது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, அதனால் செல்லும்; ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் 'பத்மஸ்ரீ' என்று பெயருக்கு முன்னால் அச்சடிப்பது விருதுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

சான்றிதழ் எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் அவார்டு என்ற வினைக்குப் பிறகு 'வித்' சேர்க்க வேண்டாம். இந்தியாவில் பலர் சேர்க்கிறார்கள். முதல் பரிசு என்பதற்கு, எழுத்துக் கூட்டும்போது இசட் போட வேண்டிய இடத்தில் 'சி' போட்டு 'முதல் விலை' ஆக்கிவிடாதீர்கள். அப்படி அச்சான கேடயங்கள் எத்தனையோ பள்ளி அலமாரிகளில் இருக்கின்றன. தமிழில் போட்டியில் வென்றால் பரிசு, பணியைப் பாராட்டினால் விருது, துப்புக் கொடுத்தால் வெகுமதி, தீர்ப்பாயம் சொன்னால் தீர்ப்பு. நில எடுப்பில் மட்டும் 'இழப்பீட்டு உத்தரவு' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கடைசியாக, வங்கியில் இருந்தவன் என்பதால் ஒன்று. வருமான வரிக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மத்திய, மாநில அரசுகள் பொதுநலன் கருதி நிறுவிய விருதுடன் வரும் பணத்துக்கு வரி கிடையாது. மத்திய அரசு அங்கீகரித்த அமைப்பு தரும் விருதுக்கும் அப்படியே. உள்ளூர்ச் சங்கம் தன் விருப்பத்துக்கு ஒரு விருதை நிறுவிப் பணமுடிப்புக் கொடுத்தால் அந்தச் சலுகை தானாக வராது. லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், தொலைக்காட்சிப் போட்டி ஆகியவற்றில் வெல்லும் பரிசுக்கு 30 சதவீத வரி, அதன் மேல் கூடுதல் தீர்வை. உங்கள் மற்ற வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது உண்டு. பரிசு பணமாக இல்லாமல் காராக விழுந்தால், வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட்டி நடத்தியவர் சாவியை உங்களிடம் கொடுக்க வேண்டும்.